ஆனவண்டி, போலு, கும்மனானா: யானை யாருக்குச் சொந்தம்?

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் திருவனந்தபுரம் போகும் கேரள அரசு பஸ்ஸைக் கண்டுபிடிக்க போர்டு படிக்க வேண்டிய அவசியமே இல்லை. வண்டியின் பக்கவாட்டில் இரண்டு யானைகள் எதிரெதிரே நிற்கும். அது போதும். மலையாளிகள் அந்த பஸ்ஸுக்கு வைத்திருக்கும் செல்லப் பெயரே 'ஆனவண்டி'தான்.

இந்திய ரயில்வேக்கும் ஒரு யானை உண்டு. கார்டு உடுப்பு போட்டு, கையில் பச்சை விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பெயர் போலு. கொச்சி மெட்ரோவுக்கு ஒரு குட்டி யானை. ஆக பஸ், ரயில், மெட்ரோ என மூன்றுக்கும் யானைதான்! நாஞ்சில் நாட்டிலிருந்து வடக்கே கொச்சி வரை போய் வருவதற்குள் மூன்றையும் சந்தித்துவிடலாம்.

இந்த யானைகள் எங்கிருந்து வந்தன? அரசாங்கம் வரைந்த யானை எப்படி மக்களின் செல்லப் பிராணி ஆனது? அதைவிட முக்கியமான கேள்வி, அது யாருக்குச் சொந்தம்? கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

முதலில் ஒரு பென்குயின்

போக்குவரத்துக்கு ஒரு மிருகத்தை முகமாக வைப்பதில் உலகத்துக்கே வாத்தியார் ஜப்பான். 2001 நவம்பர் 18-ல் கிழக்கு ஜப்பான் ரயில்வே 'சுய்க்கா' என்ற கார்டைக் கொண்டு வந்தது. பணம் போட்டு வைத்துக்கொண்டு, ஸ்டேஷன் வாசலில் உள்ள மெஷினில் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போய்விடலாம். அதில் ஒரு பென்குயின். வரைந்தவர் சகாசாகி சிஹாரு என்ற ஓவியர். தடங்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போவதை ஜப்பானிய மொழியில் 'சுய் சுய்' என்பார்கள். தண்ணீருக்குள் அப்படிப் போகிற பிராணி பென்குயின். பெயரும் படமும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இரண்டு வருடம் கழித்து மேற்கு ஜப்பான் ரயில்வே தன் 'இக்கோக்கா' கார்டுக்கு வாத்து மூக்குள்ள பிளாட்டிபஸ்ஸைப் பிடித்தது. அதற்குப் பிறகு குருவிக்குஞ்சு, தவளை, பறக்கும் அணில் என்று ஒவ்வொரு ஊர் கார்டுக்கும் ஒரு பிராணி வந்து சேர்ந்தது.

இதில் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. சாதாரண டிக்கெட் என்றால் காசு கொடுத்த உடனே பயணம். கார்டு அப்படியில்லை. இன்றைக்கு 500 ரூபாய் போட்டுவிட்டு ஒரு மாதம் பயணம் செய்கிறோம். அதுவரை அந்தப் பணம் கம்பெனியிடம் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் அது வருமானம் கிடையாது, கம்பெனி பயணிக்குத் தர வேண்டிய கடன்! முகம் தெரியாத ஒரு நிறுவனத்திடம் முன்கூட்டியே பணத்தைக் கொடுக்க வேண்டுமானால் நம்பிக்கை வேண்டும். வெறும் பிளாஸ்டிக் துண்டின் மேல் யாருக்கும் பிரியம் வராது. பென்குயின் மேல் வரும்.

வந்தது. எந்த அளவுக்கு என்றால், 2025 நவம்பரில் அந்த நிறுவனம், 2026 நிதியாண்டு முடியும்போது பென்குயின் பணியிலிருந்து விடைபெறும் என்று அறிவித்தது. ஜப்பான் முழுக்க வருத்தம். 'எங்கள் பென்குயினை ஏன் அனுப்புகிறீர்கள்?' என்ற மாதிரி. சட்டப்படி பென்குயினை வைப்பதும் எடுப்பதும் கம்பெனியின் இஷ்டம். ஆனால் மக்கள் அதைத் தங்கள் பென்குயின் என்றே நினைத்துவிட்டார்கள்.

இதே சிக்கல் நம் பக்கத்து யானைகளுக்கும் வந்திருக்கிறது. அதுவும் ஜப்பானை விட ரொம்பப் பழைய கதை.

அரண்மனை யானை பஸ் ஏறியது

திருவிதாங்கூர் அரசின் முத்திரையில் நடுவில் ஒரு வலம்புரிச் சங்கு, இரண்டு பக்கமும் இரண்டு யானைகள். சங்கு பத்மநாப சுவாமியுடையது. 1750-ல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபருக்கு எழுதி வைத்துவிட்டு, தான் அவருடைய தாசன் என்று சொல்லிக்கொண்டுதான் ஆண்டார். ஆகவே யானைகள் காவல் நிற்பது ராஜாவுக்கு அல்ல, சாமிக்கு. இது நடந்தபோது தலைநகரம் பத்மநாபபுரம். தக்கலைக்குப் பக்கத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்!

அந்த முத்திரை பார்த்துப் பிரியப்படுவதற்காக வரைந்ததில்லை. பயப்படுவதற்காக வரைந்தது. வரி ரசீதிலும் அரசு உத்தரவிலும் யானை வந்தால், பின்னால் அதிகாரம் வருகிறது என்று அர்த்தம்.

1938 பிப்ரவரி 20-ல் மகாராஜா சித்திரைத் திருநாள் திருவனந்தபுரத்தில் அரசு பஸ் சர்வீஸைத் தொடங்கி வைத்தார். அதை நடத்துவதற்காக லண்டன் போக்குவரத்து வாரியத்தில் வேலை பார்த்த இ.ஜி. சால்ட்டர் என்பவரை வரவழைத்திருந்தார்கள். முதல் பஸ்ஸை ஓட்டியதும் சால்ட்டர்தான். பயணிகள் மகாராஜாவும் அவர் குடும்பத்தினரும். பின்னால் 33 பஸ்கள் ஊர்வலமாக வந்தன. காமர் கம்பெனி சேசிஸ்கள் 60 வாங்கி, அதில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்தி, மேல்கூட்டை உள்ளூரிலேயே கட்டினார்கள். இப்படித் தொடங்கிய திருவிதாங்கூர் போக்குவரத்துத் துறையின் இன்றைய வாரிசுதான் கேரள அரசு போக்குவரத்துக் கழகம், அதாவது கே.எஸ்.ஆர்.டி.சி. 1965-ல் துறை கழகமாக மாறியது. முத்திரையிலிருந்த இரண்டு யானைகளும் பஸ்ஸோடு தங்கிவிட்டன. ராஜா போய்விட்டார், சமஸ்தானம் போய்விட்டது, யானைகள் போகவில்லை.

ஆனால் அர்த்தம் மாறிவிட்டது. தினமும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதே வண்டியில் போகிறவர்களுக்கு அது அரசு முத்திரையாகத் தெரியவில்லை. 'ஆன' வந்துவிட்டதா, 'ஆன' போய்விட்டதா என்று பேசப் பேச, பயமுறுத்த வந்த யானை வீட்டு யானை ஆகிவிட்டது. 'ஆனவண்டி' என்ற பெயரை எந்த விளம்பரக் கம்பெனியும் கண்டுபிடிக்கவில்லை. அது ரோட்டோரத்தில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்கள் வைத்த பெயர்.

யானை இறங்கியது, பெயர் ஏறியது

1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாகாணத்துக்கு வந்தன. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. அந்த இணைப்புப் போராட்டத்தின் முக்கியத் தலைவர் மார்ஷல் நேசமணி.

பிற்காலத்தில் தமிழ்நாட்டு அரசு, போக்குவரத்துக் கழகங்களுக்கு மன்னர்கள், தலைவர்கள் பெயரை வைத்தது. பாண்டியன், சேரன், சோழன், கட்டபொம்மன், ஜீவா... நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட கழகத்துக்கு நேசமணி பெயர். சரித்திரத்தின் வேடிக்கையைப் பாருங்கள். ஒரே ரோட்டில் ஒரு பஸ் திருவிதாங்கூரின் யானைகளோடு வருகிறது. எதிரே வரும் பஸ், திருவிதாங்கூரை விட்டுப் பிரிய வேண்டும் என்று போராடியவரின் பெயரோடு வருகிறது. களியக்காவிளையில் இரண்டும் ஒன்றையொன்று கடந்து போயிருக்கும்!

பெயர் வைப்பது நல்ல மரியாதைதான். ஆனால் ஒரு பெயர் ஒருவருக்குச் சொந்தம், இன்னொருவருக்கு அந்நியம் என்று ஆகிவிட்டால்? 1997-ல் அதுதான் நடந்தது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வீரன் சுந்தரலிங்கம் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. ஆங்கிலேயருக்கு எதிராகக் கட்டபொம்மனோடு நின்ற தலித் வீரரின் பெயர். அந்தப் பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் சிலர் எதிர்க்க, தென் மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. உயிர்ப்பலிகள். கடைசியில் 1997 ஜூலையில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்களையும், மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பெயர்களையும் ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டது. நேசமணியும் போனார், ஜீவாவும் போனார். எல்லாம் 'தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம்' என்ற ஒரே பெயருக்குள் வந்தது.

இந்தச் சம்பவத்தை வைத்துப் பார்த்தால் யானை, பென்குயின் எல்லாம் வெறும் குழந்தை விளையாட்டு இல்லை என்பது புரியும். யானைக்குச் சாதி கிடையாது. மதம், மொழி, கட்சி எதுவும் கிடையாது. பொது வாகனத்துக்குப் பொதுவான ஒரு முகம் வேண்டும் என்றால் மிருகத்தை விட வசதியான ஆள் கிடையாது. ஆனால் இதில் ஒரு தப்பித்தலும் இருக்கிறது. சுந்தரலிங்கத்தின் பெயர் கேட்ட கேள்விக்கு பதில் சொல்லாமல் பெயர்ப்பலகையை மட்டும் அழித்துவிட்ட மாதிரி, யாரையும் உறுத்தாத முகத்தைத் தேடுகிறவர்கள் சில நேரம் கேள்வியையே தவிர்த்துவிடுகிறார்கள்.

கோர்ட்டுக்குப் போன யானை

யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்த யானைக்கும் ஒரு நாள் சொத்துத் தகராறு வந்தது.

கேரளாவுக்கும் கே.எஸ்.ஆர்.டி.சி., கர்நாடகாவுக்கும் கே.எஸ்.ஆர்.டி.சி. ஆங்கிலச் சுருக்கம் ஒன்றுதான். கேரளாவில் 1965 முதல் இந்தப் பெயர். கர்நாடகம் 1973 வரை மைசூர் மாநிலமாக இருந்ததால் அங்கே அதற்குப் பிறகுதான் இந்தப் பெயர். பல வருடம் யாரும் இதைக் கண்டுகொள்ளவில்லை. கர்நாடகம் 2013-ல் அந்தச் சுருக்கத்தை டிரேட் மார்க்காகப் பதிவு செய்துவிட்டு, கேரளா இனி பயன்படுத்தக் கூடாது என்று 2014-ல் நோட்டீஸ் அனுப்பியதும் சண்டை ஆரம்பித்தது. கர்நாடகத்தின் சின்னத்தில் இருப்பதும் ஒரு ராஜ பிராணிதான். மைசூர் அரச வம்சத்தின் கண்டபேருண்டம் என்ற இருதலைப் பறவை!

2021 ஜூனில் கேரள அரசு, கே.எஸ்.ஆர்.டி.சி. என்ற சுருக்கமும், யானைச் சின்னமும், 'ஆனவண்டி' என்ற பெயரும் தங்களுக்கே பதிவாகிவிட்டன என்று அறிவித்துக் கொண்டாடியது. கர்நாடகம் அப்படி எந்த உத்தரவும் தங்களைக் கட்டுப்படுத்தவில்லை என்றது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தது. 2023 டிசம்பரில் கேரளாவின் மனு தள்ளுபடி ஆனது. கர்நாடகமும் அந்தச் சுருக்கத்தைப் பயன்படுத்தலாம் என்று ஆகிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது சுருக்கத்தை அல்ல, 'ஆனவண்டி'யை. பஸ் ஸ்டாப்பில் நின்ற ஜனங்கள் வைத்த செல்லப் பெயரை அரசு தன் சொத்தாகப் பதிவு செய்துகொள்ள விரும்பியது. வணிகவியலில் இதை நல்லெண்ணம் என்ற தலைப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சொத்து. ஆனால் அதை உண்டாக்கியது யார்? பல லட்சம் பயணிகள். பேலன்ஸ் ஷீட்டில் அவர்கள் பெயர் வருவதில்லை.

போலு என்ற கார்டு

இந்திய ரயில்வேயின் யானை வேறு வகை. இது மக்களிடமிருந்து வரவில்லை, திட்டமிட்டு வரைந்தது. 1853 ஏப்ரல் 16-ல் பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடியதுதான் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அதன் 150-வது ஆண்டு விழாவுக்காக அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் போலுவை உருவாக்கியது. 2002 ஏப்ரல் 16-ல் பெங்களூரு சிட்டி ஸ்டேஷனில் போலு பச்சை விளக்கைக் காட்ட, கர்நாடகா எக்ஸ்பிரஸ் கிளம்பியது. அதுதான் முதல் டியூட்டி. விழா முடிந்தால் போலுவும் போய்விட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் 2003-ல் நிரந்தரச் சின்னமாக வைத்துக்கொள்ள ரயில்வே முடிவு செய்தது. ஒரு டெம்பரரி ஊழியர் பெர்மனென்ட் ஆனார் :-) அந்த வருடம் வந்த 2 ரூபாய் நாணயத்திலும் போலு இடம் பிடித்தது.

போலுவை டிரைவராக வரையாமல் கார்டாக வரைந்ததில் ஒரு அழகு இருக்கிறது. டிரைவர் முன்னால் இருப்பார், எல்லோருக்கும் தெரியும். கார்டு கடைசிப் பெட்டியில் இருப்பார். எல்லோரும் ஏறிவிட்டார்களா, பின்னால் எல்லாம் சரியா என்று பார்த்து அவர் பச்சை காட்டினால்தான் வண்டி நகரும். சின்னம் சொல்லும் செய்தி அதுதான். உங்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார். 'போலு' என்றால் இந்தியில் கள்ளம் கபடம் இல்லாதவன் என்ற பொருளில் கூப்பிடும் பெயர். 2022 ஜனவரியில் ரயில்வே, கார்டு என்ற பதவியின் பெயரை 'ட்ரெயின் மேனேஜர்' என்று மாற்றிவிட்டது. அந்தக் கணக்கில் போலுவும் இப்போது மேனேஜர்தான்.

பேரம் படியாத பெயர்

மூன்றாவது யானை கொச்சியில். 2017 ஜூன் 17-ல் கொச்சி மெட்ரோ திறக்கப்பட்டது. பயணிகளுக்கு ஆக்சிஸ் வங்கியோடு சேர்ந்து 'கொச்சி ஒன்' என்ற கார்டும் வந்தது. திறப்பு விழா ரயிலில் பிரதமர் மோடி, கேரள முதல்வர் பினராயி விஜயன், ஆளுநர் சதாசிவம் ஆகியோரோடு அப்போதைய மாநில பாஜக தலைவர் கும்மனம் ராஜசேகரனும் இருந்தார். பதவி எதிலும் இல்லாதவர் எப்படி ஏறினார் என்று இணையத்தில் ஒரே கிண்டல். கூப்பிடாமல் போய் உட்காருவதற்கு 'கும்மனடி' என்று ஒரு புதுச் சொல்லே பிறந்துவிட்டது.

அதே வருடம் நவம்பர் கடைசியில் மெட்ரோ நிர்வாகம் தன் குட்டி யானைச் சின்னத்தின் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, இதற்கு ஒரு பெயர் சொல்லுங்கள் என்று கேட்டது. ஒருவர் 'கும்மனானா' என்று எழுதினார். கும்மனமும் ஆனையும் சேர்ந்தது! ஆயிரக்கணக்கில் லைக். மற்ற எல்லாப் பெயரையும் தாண்டி அது மேலே போய்விட்டது. நிர்வாகம் பதறிப்போய், தனி மனிதர்களைப் புண்படுத்தும் பெயர்களை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. கும்மனம் இதைப் பெரிதுபடுத்தாமல் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார்.

ஆனவண்டியில் ஜனங்கள் தாங்களாகவே பெயர் வைத்தார்கள், அது நிலைத்தது. இங்கே நிர்வாகமே வந்து பெயர் கேட்டது, ஜனங்கள் கொடுத்த பெயரை வாங்க முடியவில்லை. கட்சி சார்பில்லாத பிராணி என்று நினைத்துத்தான் யானையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே ராத்திரியில் அதன் மேல் அரசியல் ஏறி உட்கார்ந்துவிட்டது. பொதுச் சொத்து என்றால் ஜனங்கள் அதில் கை வைக்கத்தான் செய்வார்கள்.

தண்டவாளத்தில் நிஜ யானை

இதுவரை பார்த்ததெல்லாம் படத்தில் உள்ள யானைகள். நிஜ யானையின் கணக்கு வேறு. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த தகவல்படி 2009-10 முதல் 2020-21 வரை இந்தியாவில் ரயில் மோதி இறந்த யானைகள் 186. இடையில் 2010-ல்தான் யானையை தேசியப் பாரம்பரிய விலங்கு என்று அறிவித்தார்கள்.

தமிழ்நாட்டில் இதற்குப் பெயர் போன இடம் கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் உள்ள எட்டிமடை - வாளையார் பாதை. 2021 நவம்பர் 26 இரவில் நவக்கரை அருகே மங்களூரு - சென்னை ரயில் மோதி ஒரே நேரத்தில் மூன்று யானைகள் இறந்தன. இது எங்கேயோ தூரத்து விஷயம் இல்லை. கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில், திருவனந்தபுரம் வழியாக பெங்களூரு போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் தாண்டிப் போவதும் இந்தக் காட்டைத்தான். போலு முதன்முதலில் பச்சை விளக்கு காட்டிய அதே பெங்களூருவுக்கு!

நல்ல வேளையாக விஷயம் அங்கேயே நிற்கவில்லை. யானைகள் கடந்து போகத் தண்டவாளத்துக்கு அடியில் சுரங்க வழிகள் கட்டினார்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை சுமார் 7 கோடி ரூபாய் செலவில் மதுக்கரை வனச்சரகத்தில் 12 கோபுரங்கள் வைத்து, அதில் கேமராக்கள் பொருத்தி, செயற்கை நுண்ணறிவு மூலம் யானை வருவதைக் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் எச்சரிக்கை போகும், டிரைவர் வேகத்தைக் குறைப்பார். போலு படத்தில் செய்கிற வேலையை நிஜத்தில் அந்தக் கேமராக்கள் செய்கின்றன.

கன்னியாகுமரி மாவட்டமும் யானைக்கு அந்நியமில்லை. 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட அகஸ்தியர்மலை யானைகள் காப்பகம் இந்த மாவட்டத்தையும் திருநெல்வேலியையும் சேர்த்துத்தான் வருகிறது.

சட்டப் புத்தகத்தைக் கேட்டால் ஆனவண்டி கேரள அரசுக்கும், போலு ரயில்வேக்கும், குட்டி யானை கொச்சி மெட்ரோவுக்கும் சொந்தம் என்று சொல்லும். மூன்றுக்கும் மதிப்பைக் கொடுத்தது மட்டும் டிக்கெட் வாங்கிய ஜனங்கள். ஆகவே ஒரு சின்னத்தைப் பார்க்கும்போது அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. நேரத்துக்கு வருகிறதா, எல்லோரையும் ஏற்றிக்கொள்கிறதா, முன்பணமாகப் போட்ட காசுக்குக் கணக்கு இருக்கிறதா, எந்த மிருகத்தின் முகத்தை வைத்துப் பிழைக்கிறதோ அந்த மிருகத்தை உயிரோடு விடுகிறதா என்றும் கேட்க வேண்டும்.

பச்சை விளக்கு காட்டுவதற்கு முன்னால் நல்ல கார்டு ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்ப்பார். போலுவிடம் ஜனங்கள் கேட்பதும் அவ்வளவுதான்.